ஆடி அமாவாசையும் ஆரஞ்சு மிதவையும்

டெல்லியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும், கடலைப் பார்க்க ஓர் இரவாவது ரயிலில் கிடக்கவேண்டும். வெயிலுக்கு மட்டும் எங்கும் போகவேண்டாம். அதுவே வீடு தேடி வரும். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டியது. கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறை பிறகு விளக்கியது. அந்த 3 டிகிரியைத் திரும்ப எடுத்துக்கொண்டதில் எங்கள் மயூர் விஹாரில் யாருக்கும் குளிர் எடுத்ததாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட நாட்களில்தான், ஒரு காலத்தில் நான் நக்கலடித்த டோக்கியோ கடற்கரை நினைவுக்கு வரும்.

அப்போது நாங்கள் டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியிருந்தோம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய கணினிக் கோளாறு பயத்தில் ஜப்பான் வரவழைத்த இந்தியப் பொறியாளர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய பேட்டை அது. கறிவேப்பிலை கிடைக்கும், யார் வீட்டில் மாமியார் வந்திருக்கிறார் என்ற செய்தி தமிழிலேயே கிடைக்கும். கடலும் பக்கம்தான். கசாய் கடற்கரைப் பூங்காவில் மேற்கு, கிழக்கு என்று மனிதர் கட்டிய இரண்டு மணல் திட்டுகள். மேற்குத் திட்டு நமக்கு. கிழக்குத் திட்டு பறவைகளுக்கு. அங்கே நாம் கால் வைக்கக்கூடாது.

ஜப்பானில் கடலுக்கும் அலுவலக நேரம் உண்டு. ஜூலையில் சடங்கு செய்து கடற்கரையைக் குளியலுக்குத் திறப்பார்கள். கடலின் பெயரால் ஜூலை மூன்றாம் திங்கட்கிழமை அரசு விடுமுறை. ஆகஸ்டு முடிந்தால் மூடிவிடுவார்கள். செப்டம்பர் முதல் வாரம் அதே வெயில் கொளுத்தினாலும் தண்ணீரில் ஆளைப் பார்ப்பது அரிது. குளிப்பவர்களும் கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு, அதற்குமேல் தொப்பி, அதற்குமேல் கூடாரம் என்று சூரியனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுபவிப்பார்கள். நடுவில் ஒரு தர்பூசணியை வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் உடைப்பார்கள். உறியடிதான், உறி மட்டும் தரையில்.

ஒரு வருஷம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். வேதாரண்யத்துப் பெண். ஆடி அமாவாசை என்றால் கோடியக்கரையில் முழுக்குப் போடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கசாயிலும் கடல் கடல்தானே என்று கிளம்பிவிட்டாள். சிக்கல் என்னவென்றால், அமாவாசை ஓபோன் பண்டிகையை ஒட்டி வந்தது. ஆகஸ்டு 13 முதல் 16 வரை முன்னோர்கள் வீட்டுக்கு வருவதாக ஜப்பானியர் நம்பிக்கை. அந்த நாட்களில் கடலில் இறங்கினால் செத்தவர்கள் காலைப் பிடித்து இழுப்பார்கள் என்று பாட்டிமார் மிரட்டுவார்கள். சொறிமீன்கள் பெருகுவதும் புயல் அலை எழுவதும் அந்தப் பருவத்தில்தான் என்பது பாட்டிகளுக்குத் தெரியாததல்ல. நாம் முன்னோருக்காகக் கடலில் இறங்குகிறோம். அவர்கள் அதே முன்னோருக்காகக் கரையேறுகிறார்கள்.

கடலில் ஆரஞ்சு மிதவை கோத்த கயிறு கட்டியிருந்தது. அதற்குள்ளேதான் குளிக்கலாம். அம்மா பார்த்தாள். "என்னடா இது, மாட்டைக் கட்டுற மாதிரி கடலைக் கட்டி வச்சிருக்கான்!"

நூல் சேலையோடு இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் முழுக்கைப் போட்டாள். விசில் கேட்டது. இரண்டாவது முழுக்குக்குள் உயிர்காக்கும் பையன் ஒருவன் மிதவையோடு பாதி தூரம் வந்துவிட்டான். மூன்றாவது முழுக்கு முடிந்து அம்மா நிமிர்ந்தபோது எதிரே நின்று மூச்சிரைத்தான். விஷயத்தைச் சொன்னேன். இடுப்பு வளைய வணங்கி, "அடுத்த முறை மூழ்குவதற்கு முன்னால் தயவுசெய்து தெரிவியுங்கள்" என்றான். அம்மா அவனை, "நல்லா இரு தம்பி" என்று ஈரக் கையோடு வாழ்த்தினாள். வீடு திரும்பும்வரை நான் அந்தக் கயிற்றையும் விசிலையும் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.

அந்தக் கயிற்றுக்குள் இருந்த தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. கிளிஞ்சலும் கடற்பாசியும் விளைந்த கசாய் கடலை 1960களில் ஆலைக் கழிவும் நிலம் நிரப்பும் வேலையும் சேர்ந்து கெடுத்தன. குளியல் நின்றுபோனது. பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் மூங்கில் கழி நட்டுச் சிப்பி வளர்த்தார்கள். சிப்பி தண்ணீரை வடிகட்டும். சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2015இல்தான் அங்கே கடற்குளியல் திரும்ப வந்தது. டோக்கியோவும் அப்பழுக்கில்லாத ஊரல்ல. 2019 ஆகஸ்டில் ஒடைபாவில் நடந்த ஒலிம்பிக் ஒத்திகையில், கிருமி அளவு எல்லை மீறியதால் மாற்றுத்திறனாளி டிரையத்லான் வீரர்களின் நீச்சலையே ரத்து செய்தார்கள். அளந்தார்கள், மிஞ்சியது, மூடினார்கள்.

இப்போது மயூர் விஹார். தினமும் மெட்ரோவில் யமுனையைக் கடக்கிறேன். அந்த மெட்ரோ ஜப்பானியக் கடனில் கட்டியது. சொன்ன நேரத்துக்கு வருகிறது. கீழே ஓடும் நதிக்கும் ஜப்பான் கடன் கொடுத்திருக்கிறது. 1993இல் தொடங்கிய யமுனை செயல் திட்டம் மூன்று கட்டங்களைக் கண்டது. மூன்றாவதற்கு மட்டும் 2011இல் 3,257 கோடி யென். ஒரே கையால் வாங்கிய கடன்தான். மேலே ரயில் ஓடுகிறது, கீழே நுரை.

இங்கே கயிறு இல்லை, விசில் இல்லை, அலுவலக நேரம் இல்லை. நதியே தெய்வம், தெய்வத்துக்கு யார் வேலி போடுவது? அளப்பதிலும் குறையில்லை. குளிக்கத் தகுந்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் 2,500க்கு மேல் போகக்கூடாது. 2024 டிசம்பரில், நதி டெல்லியை விட்டு வெளியேறும் அஸ்கர்பூரில் அது 80 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முந்தைய மாதம், யமுனைக் கரையில் நீராடிச் செய்யும் சட் பூஜைக்கு அனுமதி தர டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. கசாயில் ஒரு துண்டுக் கடலுக்குள் குளிக்கலாம் என்று கயிறு சொன்னது. இங்கே ஒரு முழு நதியில் குளிக்கவேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ஆடி அமாவாசையன்று குளியலறையில் வாளி நீரில்தான் முழுக்கு. அதிலும் ஒரு சௌகரியம்: கிழக்கு டெல்லிக்குப் பெரும்பாலும் கங்கை நீர்தான் வருகிறது. தெஹ்ரி அணையில் தேங்கி, முராத்நகர் வழியாகக் குழாயில் வந்து, வடிகட்டி, குளோரின் போட்டு எங்கள் வாளியில் இறங்குகிறது. இதைச் சொன்னதும் அம்மா வாளியைக் கும்பிட்டுவிட்டு, உடனே கேட்டாள்.

"யமுனை வாசல்லயே ஓடுது. கங்கை எதுக்குடா அவ்வளவு தூரத்துலேருந்து வரணும்?"

"யமுனையை இன்னும் குளிக்கத் திறக்கலைம்மா."

"அதான் அந்தத் தம்பி ஊர்ல கடன் வாங்கியாச்சே. விசிலையும் சேத்து வாங்கியிருக்கக் கூடாதா?"