நீல அம்புக்குறி மேன்மைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கட்டட அனுமதி, மழைநீர் வடிகால் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் காத்துவரும் மேன்மைதங்கிய அலுவலகம். (பெயர் போட்டால் "இது எங்கள் பிரிவு இல்லை" என்று கடிதம் திரும்பிவிடும். ஆகவே போடவில்லை.)

பொருள்: மழைநீர் சேகரிப்புக் குழி, மழைநீருக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை எனத் தாங்கள் கண்டறிந்தது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. மாடியில் ஓர் அறை கட்ட நான் கொடுத்த மனு. 2. அதன்மேல் தாங்கள் எழுதிய குறிப்பு. 3. என் அடுக்களையில் நிற்கும் தண்ணீர்.

ஐயா,

காரைக்கால் மாவட்டம் நெரவியிலிருந்து எழுதுகிறேன். பிளான் தேறிவிட்டது, குழியின் போட்டோ மட்டும் பாக்கி என்று சொன்னீர்கள். முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்து வந்து கவுண்ட்டரில் நீட்டினேன். நேராகப் பார்த்தீர்கள். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தீர்கள்.

"தண்ணிதான் தெரியுது. குழி எங்க?"

"தண்ணிக்கு அடியில சார்."

"அடியில இருக்குன்னு நான் எப்படி நம்புறது? குழி தெரியற மாதிரி எடுத்துட்டு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்த பெரியவர் ஒருவர், "தை மாசம் வாங்க தம்பி, வத்திடும்" என்று தேற்றினார். மழை இல்லாதபோது மட்டுமே மெய்ப்பிக்கக்கூடிய மழைநீர் ஏற்பாடு ஒன்றை வகுத்த தங்கள் மதிநுட்பத்தை அன்று முழுவதும் மெச்சிக்கொண்டிருந்தேன்.

நான் குறைசொல்ல வரவில்லை. பிளானில் இருக்கும் நீல அம்புக்குறியின் புகழைப் பாடவே வந்தேன். என் வீட்டுக் கூரையில் புறப்பட்டு, வாசலைத் தாண்டி, தெரு வடிகாலில் இறங்கி, கிழக்கே கடல் பார்த்துப் போகிறதே, அந்த அம்புக்குறி. பிளான் போட்டவர் முதலில் அதைக் கறுப்பு மையில் போட்டிருந்தார். தண்ணீர் நீலத்தில்தான் ஓட வேண்டும் என்று திருப்பி அனுப்பினீர்கள். நீலத்தில் வந்ததும் முத்திரை விழுந்தது. அந்த நிமிடமே எங்கள் தெருவின் வடிகால் பிரச்சினை தீர்ந்தது. அம்புக்குறி கிழக்கே போகிறது. தண்ணீர் மட்டும் மேற்கே திரும்பி என் அடுக்களைக்கு வருகிறது. முத்திரை பெற்ற அம்புக்குறியை மதிக்காத தண்ணீர்மீது எந்தப் பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்று தெரிவித்தால், சாட்சி சொல்ல நான் தயார்.

தண்ணீர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றி, எங்கள் வாசற்படிகளை ஒவ்வொன்றாகச் சாலைக்குள் இறக்கினீர்கள். பிறகு அந்தச் சாலையின் மட்டத்துக்கு வடிகால் கட்டினீர்கள். இன்று வடிகாலின் தரை என் முற்றத்தைவிட உயரம். அந்த வடிகாலும் கடல்வரை போகிறதா என்றால், ஒப்பந்தத் தொகை தீர்ந்த இடம்வரை போகிறது. அங்கே ஒரு சிமென்ட் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அம்புக்குறி தொடர்கிறது.

ஓ.என்.ஜி.சி.யின் காவிரி அசெட் அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் என்ன கிடக்கிறது என்று துளைபோட்டுச் சொல்லிவிடும் மேதைகள் நடமாடும் ஊர் இது. சாலைக்கு மூன்றடி கீழே ஒரு குழாய் இருந்ததே, அது அடைபட்டதா, உடைந்ததா, யாராவது பிடுங்கிப் போனார்களா என்று சொல்லத்தான் ஆளில்லை.

காவிரிக்கு நாம் கடைமடை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் நமக்கு, அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு, 7 டி.எம்.சி. என்று எழுதியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. அந்த 7 வந்துசேர்ந்ததா என்பது ஒவ்வொரு குறுவைக்கும் நடக்கும் வழக்கு. ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், எந்தத் தீர்ப்பும் இல்லாமலே மேலே இருக்கும் ஊர்களின் தண்ணீரெல்லாம் நம்மைத் தேடி வந்துவிடுகிறது. வடக்கே அரசலாறு, தெற்கே திருமலைராஜன் ஆறு. இரண்டும் நிறைந்து ஓடும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஓதம் ஏறினால், கடல் ஆற்றுத் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. ஓதம் வற்றும்வரை மழைத்தண்ணீர் எங்கேயாவது தங்கித்தான் ஆக வேண்டும். இத்தனை காலம் வயலிலும் குளத்திலும் வாய்க்காலிலும் தங்கியது.

ஒரு ஏக்கர் வயலில் வரப்புக்குள் அரையடித் தண்ணீர் நின்றால் அது 6 லட்சம் லிட்டருக்கு மேல். அந்த வயலில் சவுடு அடித்து, மேடாக்கி, கல் ஊன்றி, 'நகர்' என்று வளைவு வைத்தால் அந்த 6 லட்சம் லிட்டர் எங்கே போகும்? அதற்குத்தான் குழி இருக்கிறதே என்பீர்கள். மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழம். கல்லும் மணலும் போடாமல் வெறுங்குழியாக விட்டாலும் 1,300 லிட்டர்கூடக் கொள்ளாது. ஏக்கருக்கு 15 மனை என்று வைத்து, 15 பேரும் ஒழுங்காகக் குழி வெட்டினாலும் 20 ஆயிரம் லிட்டர் தேறாது. அதுவும் வெயில் காலத்துக் கணக்கு. கார்த்திகையில் இந்தப் பக்கம் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாலே ஊற்று பொங்கும். குழி மழைக்கு முன்பே நிறைந்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் புயல், புதுச்சேரி நகரில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு அது 44 ஆயிரம் லிட்டர். அந்த மழை இங்கே பெய்திருந்தால், குழியைக் காட்டு என்று என்னைக் கேட்கத் தாங்களும் படகில்தான் வந்திருப்பீர்கள், அம்புக்குறி காட்டும் திசையில்.

அமெரிக்காவின் கடலோர மாவட்டங்கள் பலவற்றில் ஒரு விதி உண்டாம். மனை போடுகிறவர், கட்டடம் வருவதற்கு முன்பு தன் நிலத்திலிருந்து எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வடிந்ததோ, வந்த பிறகும் அதை மிஞ்சாது என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மிஞ்சினால் தன் செலவில், தன் மனைக்குள்ளேயே குளம் வெட்டிக்கொள்ள வேண்டும். பாவம், அவர்களுக்கு நீல மை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே வந்த மனைப்பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஒரு வடிவாய்க்கால் இருந்தது. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தாலும் தண்ணீர் போனது. மனைப்பிரிவு வரைபடத்தில் அது இருந்த இடத்தில் '30 அடி சாலை' என்று இருக்கிறது. கீழே முத்திரை இருக்கிறது. தண்ணீருக்குக் கண் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வாய்க்காலை மூடியவரை எதிர்நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீர் புகுந்த வீட்டுக்காரனைக் கவுண்ட்டரில் நிற்கவைத்துக் குழி எங்கே என்று கேட்கிறீர்களே, அது எந்த விதி? குளம், குட்டை, பொதுநிலம் எதிலும் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுக்கொடு என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கெல்லாம் உத்தரவிட்டது 2011 ஜனவரி 28இல். அந்த உத்தரவு ஓடிய திசைக்கும் யாராவது அம்புக்குறி போட்டிருக்க வேண்டும்.

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. தாங்கள் விதிகளை எவ்வளவு மென்மையாகக் கையாள்கிறீர்கள் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. விதிகளும் தங்களைப்போலவே விட்டுக்கொடுக்கின்றன. ஓதம் ஏறும் ஆற்றங்கரையில் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் குறைந்ததுவரை கட்டுப்பாடு போட்டது 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2019இல் அந்த 100ஐ 50 ஆக்கினார்கள். ஆற்றுக்கு மட்டும் நகல் அனுப்ப மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் வார்டு உறுப்பினரிடம் போய்ச் சொல்லலாமே என்று தாங்கள் நினைக்கலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போடும் தொல்லையிலிருந்து எங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆகவே தெருவில் தண்ணீர் நின்றால் திட்டுவதற்குக்கூட எங்களுக்கு என்று ஓர் ஆள் கிடையாது. தாங்கள்தான் எல்லாம்.

வேலை நடக்காத ஊர் என்று பழிபோடவும் முடியவில்லை. 2019இல் 'நம் நீர்' என்று பெயர் வைத்து மாவட்டத்துக் குளங்களைத் தூர்வாரியபோது ஊர்க்காரர்களும் கோயில்களும் கம்பெனிகளும் சேர்ந்து இறங்கினார்கள். மாவட்ட நிர்வாகம் முன்னே நின்றது, வேலை நடந்தது. அம்புக்குறி யாரும் கேட்கவில்லை.

என் மாடி அறை மெதுவாக வரட்டும். இந்தத் தெருவில் இருக்கும் எல்லாருக்குமாக ஒன்றுதான் கேட்கிறேன். கிழக்கே மூடப்பட்ட அந்த வடிவாய்க்கால் எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எண்ணும் அகலமும் போட்டு நகல் இணைத்திருக்கிறேன். சர்வேயரை அனுப்பி அளந்து கல் நடுங்கள். மேலே போட்ட சாலையை வெட்டி, குழாய்ப் பாலம் வையுங்கள். செலவை மனைப்பிரிவு போட்டவரிடம் வாங்குங்கள். மாசியில் அளந்து சித்திரையில் வெட்டினால், அடுத்த ஐப்பசிக்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள மனுதாரர்,
நெரவி.