வரிசை மாறிப்போச்சு

ஆர்க்கிடெக்சர் படிக்கும் என் மகன், செமஸ்டர் முழுக்க வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களையே டேப் பிடித்து அளக்கிறான். இவன் எப்போது சார் வீடு கட்டுவான்?
*(வாசகர், ஆம்பூர்)*

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். பையன் கல்யாண மண்டபத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறான், அவ்வளவுதான்! அளக்கட்டும். தூணிலுள்ள யாளியின் பல்லிடுக்கில் டேப் நுழையாது; விரலால் தடவித்தான் படிக்க வேண்டும்.

இன்டீரியர் பாடமும் அங்கேயே உண்டு. வெள்ளைக்காரன் அந்தக் கோயிலை ஆயுதக் கிடங்காக்கினான். ‘கோயில் உண்டு, சாமி இல்லை’ என்ற ஊர்க்கேலி நின்றது 1981-ல், ஜலகண்டேஸ்வரர் மறுபடி குடிவந்த பிறகுதான்.

நகரமைப்புப் பாடத்துக்கு உங்களூர்ப் பாலாற்றங்கரைக்கு அனுப்புங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிய ஆறு. அங்கே டேப் வேண்டாம், மூக்கு போதும்.