பட்ஜெட் பேசுவோர் இலக்கணம்

பாயிரம்

அரசின் வரவு செலவைப் பற்றிப் பேசும் மாந்தர் எத்தனை வகையினர் என்று உரைப்பது இந்நூல். எல்லை: புதுக்கோட்டை மாவட்டம்; வடமேற்கே விராலிமலை, தென்கிழக்கே மணமேல்குடிக் கடல், இடையில் 13 ஒன்றியங்கள், 497 ஊராட்சிகள். களம்: டீக்கடை பெஞ்சும் கிராம சபைப் பந்தலும். கேட்போர்: வேறு வேலை இல்லாதோர். பயன்: வீடுபேறு கிட்டாது; வீட்டு வரி ரசீது கிட்டலாம்.

அவர்தாம் ஐவகைப்படுவர்.

1. நெடுநோக்கர்

டெல்லிக்குக் குறைந்த எதையும் பேசாதவர். ஒன்றிய அரசு பகிர்ந்தளிக்கும் வரியில் தமிழ்நாட்டுக்கு 15-ஆம் நிதிக்குழு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு என்று தசமம் பிசகாமல் ஒப்பிப்பார். சொல்வதில் நியாயமும் உண்டு. “அண்ணே, உங்க வீட்டு வரி எவ்வளவு?” என்றால், “அதெல்லாம் வீட்டுல பாத்துக்குவாங்க” என்பார்.

டெல்லியைப் பேசுவது குற்றமன்று. திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி மத்திய சட்டசபையில் வெள்ளை அரசைக் கேள்வியால் குடைந்தவர். அவரே 1939-இல் சென்னை மேயரானதும் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்க வேலையைத் தொடங்க வைத்தார். 1944-இல் அது முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. நம் நெடுநோக்கர் அவருடைய முதற்பாதியை மட்டும் படித்தவர்.

2. வகுத்தற்கணக்கர்

2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியான தமிழ்நாடு அரசின் வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ.2,63,976 பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. அன்றிலிருந்து இவர் தம்மைக் கடனாளி என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். கடனை வகுக்கத் தெரிந்தவர் சொத்தை மட்டும் வகுப்பதில்லை. 2017-இல் திறந்த புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியிலும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திலும், வண்டி ஓட்டும் தார்ச்சாலையிலும் தம் குடும்பப் பங்கு எவ்வளவு என்று கேட்டால் கால்குலேட்டரை அணைத்துவிடுவார்.

3. இலவச மறுப்பர்

இவருக்கு ஒரே சூத்திரம்: அடுத்தவர் பெறுவது இலவசம், தாம் பெறுவது மானியம். 1990 முதல் உழவர் பம்புசெட்டுக்கு மின்சாரம் கட்டணமில்லை. அந்த மின்சாரத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸும் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாயும் நாட்டைக் கெடுத்த கதையைச் சொல்வார். களை பறிக்கும் பெண் நிமிராமலே கேட்பாள்: “அப்ப மோட்டாருக்கு மீட்டர் வைக்கச் சொல்லிருவமா, மாமா?” அதற்கு மேல் பேச்சு மழையைப் பற்றித் திரும்பும்.

4. கையெழுத்தர்

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பந்தலின் ஓரத்தில் படிவம் 30 பேனராகத் தொங்கும். ஊராட்சியின் பொது நிதியில் தெருவிளக்குக்கு என்ன, குடிநீர்க் குழாய்க்கு என்ன, பிளீச்சிங் பவுடருக்கு என்ன என்று வரிவரியாக அதில் இருக்கும். இவர் நோட்டில் கையெழுத்துப் போடுவார்; டீ குடிப்பார்; வெயில் ஏறினால் அந்தப் பேனரின் நிழலில் நிற்பார், முதுகைக் காட்டிக்கொண்டு.

5. மண்வெட்டியர்

அருகிய இனம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் கைக்காசு போட்டுக் குளங்களைத் தூர்வாரினார்கள். 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ள இம்மாவட்டத்தில் இது, ஊரார் கூடி நீர்நிலை பேணிய பழைய குடிமராமத்தின் வாரிசு. 2017-இல் அரசே குடிமராமத்தை மீட்டெடுத்தபோது, பத்தில் ஒரு பங்கை உழவர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்று விதித்தது. மண்வெட்டியரிடம் உள்ள ஒரே குறை, வெட்டி முடித்ததும் “கவர்மெண்டு எதுக்கு?” என்று கேட்டுவிடுவது. மடையும் கலிங்கும் கட்டப் பொதுப்பணம் வேண்டும் என்பது அடுத்த மழையில்தான் நினைவுக்கு வரும்.

ஐயமும் விடையும்

‘இவ்வூர் மக்களுக்குக் கணக்கில் அக்கறை இல்லையோ?’ எனின், அற்றன்று. ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு ஒரு பக்கம், பணம் எண்ணும் இயந்திரம் ஒரு பக்கம். யார் எவ்வளவு போட்டார் என்பது விருந்து வைத்தவர் நோட்டில் ஏறும். போட்டவரும் வீடு திரும்பித் தம் நோட்டில் எழுதிக்கொள்வார். சில வருஷம் கழித்துத் திருப்பிப் போடும் முறை வரும்போது ஐந்நூறு குறைந்தாலும் தெருவுக்கே தெரியும். வரிப்பணமும் எல்லாரும் போட்ட மொய்தான். ஆனால் அங்கே இருப்பது ஒரே நோட்டு, அதுவும் வாங்கியவரிடம். கொடுத்தவரிடம் நோட்டு இல்லாத இடத்தில் விவாதம் நடக்கும், கணக்கு நடக்காது என்க.

புறனடை

இந்நூலுள் அடங்காத ஆறாம் வகையும் உண்டாகலாம். படிவம் 30-ஐப் பார்த்துத் தம் நோட்டில் எழுதிக்கொண்டு போய், அடுத்த சபைக்கு அதே நோட்டோடு வந்து நிற்பவர். அப்படி ஒருவர் தென்பட்டால் உரையாசிரியர்கள் இவ்விலக்கணத்தைத் திருத்திக்கொள்க. ஊராட்சிச் செயலர் கணக்கைத் திருத்திக்கொள்வார்.