மழை டெண்டரைப் படிக்கவில்லை

குற்றவாளி பிடிபட்டுவிட்டது. பெயர் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலோடு புதுச்சேரி அருகே கரையேறியது. அங்கேயே சோம்பிக் கிடந்துவிட்டு, பிறகு மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. முன் அனுமதி வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலத்தின் டெண்டரை அது புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாவம் பாலம். செப்டம்பரில் திறந்தார்கள், டிசம்பர் 2 அன்று ஆற்றோடு போய்விட்டது. மூன்று மாதம். கல்யாணப் பந்தலுக்கு வாங்கிய கடன்கூட அதைவிட அதிக நாள் நிற்கும்.

அரசு விளக்கம் தந்தது: பாலம் விநாடிக்குச் சுமார் 54 ஆயிரம் கன அடிக்குத்தான் வடிவமைக்கப்பட்டதாம், வந்ததோ அதைப்போல் பல மடங்காம். நல்லது. ஆனால் அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து நேராகப் பாலத்தின் தலையில் விழவில்லையே. மேலே சாத்தனூர் அணை இருக்கிறது, 1958 முதல் இருக்கிறது. அன்று அதன் மதகுகள் வழியாக 1,68,000 கன அடி வெளியேறியது. தன் அணையின் வாய் எவ்வளவு திறக்கும் என்று அதைக் கட்டிய அரசுக்கே தெரியாதா? பாலம் கட்டும் துறையிலிருந்து அணையைப் பார்க்கும் துறைக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஆகும் செலவு எவ்வளவு? பாலம் கட்டிய நெடுஞ்சாலைத் துறைக்கு அப்போது அமைச்சராக இருந்த எ.வ. வேலு திருவண்ணாமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்தான். ஆறும் அணையும் அவருக்கு அயலூர் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் ரூபாயை அளந்துதான் போட்டார்கள், ஆற்றைத்தான் அளக்கவில்லை.

பாலம் போனால் இன்னொன்று கட்டலாம், இன்னொரு டெண்டர் விடலாம். ஆனால் டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை ஊரில் மலைச்சரிவில் வ.உ.சி. நகர் 11ஆவது தெருவில் பாறையும் சேறும் இறங்கி வீட்டை மூடியதே, அதில் ஏழு பேர் செத்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். உயிருக்கு ஐந்து லட்சம் வீதம் அரசு நிவாரணம் கொடுத்தது. சேறு காய்வதற்குள் இன்னொரு பேச்சும் கிளம்பியது: மலையடிவாரத்தில் ஆக்கிரமிப்பு!

திருமாலும் பிரம்மனும் அடியும் முடியும் தேடித் தோற்ற மலை இது. நம் துறைகள் தோற்கவில்லை. மின்வாரியம் அடிவாரத்தைக் கண்டுபிடித்துக் கம்பம் நட்டது. தெருவுக்கு 11 என்று எண் விழுந்தது. ஓட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு சந்தும் மனப்பாடம். மண் சரிந்த மறுநாள்தான் எல்லோருக்கும் அடி காணாமல் போயிற்று. புராணத்தில் பிரம்மன் முடியைக் கண்டதாகத் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. இன்று அதற்குப் பூ எதற்கு, கோப்பு போதும்.

ஏழை எதற்கு மேலே ஏறினான் என்று யாராவது கேட்டார்களா? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது, விடுதிகள் முளைக்கின்றன, மனை விலை ஏறுகிறது. சமதளத்தில் கால் வைக்கக் காசில்லாதவன் சரிவில் சுவர் எழுப்புகிறான். கீழே நடப்பதற்குப் பெயர் வளர்ச்சி, மேலே நடப்பதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு.

டிசம்பர் 13 கார்த்திகை தீபம். மண்ணியல் வல்லுநர்கள் மலையைப் பார்த்தார்கள், மண் இளகியிருக்கிறது என்றார்கள். அதுவரை வழக்கமாக 2,500 பேர் ஏற அனுமதி இருந்தது. அந்த ஆண்டு பக்தர் ஒருவரையும் விடவில்லை. சரியான முடிவு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் ஏறி இறங்குபவனுக்கு ஆபத்தான மலை, அதன் காலடியில் வருஷம் முழுக்கப் படுத்துறங்குபவனுக்கு மட்டும் ஆபத்தில்லையா?

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். வங்கக் கடல் சூடாகிக்கொண்டிருக்கிறது. நாளைய மழைக்கு நேற்றைய மழைப் புள்ளிவிவரத்தை வைத்துக் கால்வாயும் பாலமும் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தை 2022இலேயே தொடங்கிவிட்டோம். கருத்தரங்கமும் பதாகையும் குறைவின்றி நடக்கின்றன. அகரம்பள்ளிப்பட்டுக்குப் போக மட்டும் அந்த இயக்கத்துக்குப் பஸ் கிடைக்கவில்லை போலும்.

ஆகையால் மழையைக் கூண்டில் ஏற்றியது போதும். மலைச்சரிவில் எந்தத் தெரு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தை மாநகராட்சி வாசலில் ஒட்டுங்கள். காலி செய்யச் சொல்வதானால், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை மறித்துக் கட்டியது குடிசையா விடுதியா என்று பார்க்காமல் இடியுங்கள். புதிய பாலத்தின் கல்வெட்டில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் எல்லோருடைய பெயரும் இருக்கட்டும். அதற்குக் கீழே, இந்தப் பாலம் எத்தனை கன அடி தாங்கும், அந்தக் கணக்கைப் போட்டுக் கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்பதையும் பொறித்துவிடுங்கள்.