அப்பாரு வைத்த தென்னை

பெருந்துறையில் எங்கள் வீட்டுப் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) நின்ற தென்னைகளை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் மறுத்தவர் அத்தை. “உங்கப்பாரு வெச்ச மரம் கண்ணு. வெட்டறதுக்கு எப்புடி மனசு வருது?” என்றார். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரிடமும் உடனே பதில் இல்லை. தென்னை என்றால் எங்களுக்கு அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா. அந்த வீடே தென்னையோடுதான் பிறந்தது என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் சிறு வயதில் அந்த மரங்கள் சும்மா நின்றதில்லை. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாய்க்கால் பிடித்து அவற்றின் தூருக்குப் போகும். காய்ந்த பாளை வெந்நீர் அடுப்புக்கு. ஈர்க்கு சீமாறுக்கு. ஓலையைத் தடுக்காகப் பின்னி, மாட்டுக் கட்டுத்தரைக்குக் கூரை போடுவார்கள். காயை உடைத்துக் காயவைத்தால் கொப்பரை. மூட்டை கட்டிப் பெருந்துறைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்து ஏலத்துக்குப் போகும். மரம் ஏறுகிறவர் முறை தவறாமல் வருவார். கூலியில் ஒரு பங்கு காயாகவே போகும். மரத்தை எதற்காக வைத்திருக்கிறோம் என்று யாரும் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இன்றைக்கு அந்த வேலைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கட்டுத்தரை போய்விட்டது. வெந்நீருக்குக் கரண்ட். மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. முற்றிய காய் தானாக விழும்போது கீழே யார் நடக்கிறார்கள் என்பதுதான் கவலையாக இருந்தது. முன்பு சுற்றிலும் காடாக இருந்த இடத்தில் சிப்காட் வந்த பிறகு வரிசை வீடுகள் வந்துவிட்டன. எங்கள் மட்டை அடுத்த வீட்டுக் கூரையில் விழுந்தது. இதற்கெல்லாம் மேலே வெள்ளை ஈ. நடு அமெரிக்கப் பக்கத்துப் பூச்சியான ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, தமிழ்நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது. ஓலையின் அடியில் அமர்ந்து சாறு உறிஞ்சி, பிசுபிசுப்பான கழிவைக் கீழே சொட்டவிடும். அதன்மேல் கரும்பூசணம் படரும். எங்கள் தென்னைக்குக் கீழே இருந்த கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கரி பூசியதுபோல் ஆயின. ஒரு மரம் தன் நிழலில் இருக்கிற மற்றச் செடிகளையும் வாழவிடவில்லை என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

அந்த யோசனை நடக்கும்போதுதான் அத்தை தன் சிறு வயதைச் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு நினைவு தெரிந்த நாளில் அந்த இடத்தில் தென்னையே கிடையாது. வெள்வேல மரமும் வேம்பும்தான் நின்றன. அது மானாவாரி பூமி. கிளுவை வேலி, கொளுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல் என்று கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலமான கொறங்காடு எப்படி இருக்குமோ அப்படி. வெள்வேலங்காய் உதிர்ந்தால் ஆடு பொறுக்கித் தின்னும். கிணற்றில் கோடைக்குத் தண்ணீர் இருக்காது.

அதை மாற்றியது கீழ்பவானி வாய்க்கால். 1948-ல் தொடங்கிய பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாயும் மண் வாய்க்கால் அது. எல்லா நிலத்துக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வராது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். ஆனால் மண் கரையில் கசிகிற நீர் முறை பார்க்காமல் கிணறுகளுக்கு வந்தது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக் கூடாது என்று 2023-ல் ஒரு சாரார் விவசாயிகள் போராடியதற்கும் அந்தக் கசிவு நீர்தான் காரணம். எங்கள் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது. தண்ணீரைப் பார்த்ததும் அப்பாரு வெள்வேலை வெட்டிவிட்டுத் தென்னம்பிள்ளை வைத்தார்.

“எங்கய்யன் வெட்டறப்போ எங்காத்தா அழுதுது கண்ணு. ஆடு எதத் திங்கும்னு கேட்டுது,” என்றார் அத்தை. சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, தேய்பிறையில வெட்டுங்க, கட்டைல உளு உழுகாது,” என்றார்.

நாங்கள் பரம்பரை என்று நினைத்தது ஒரு தலைமுறையின் புதுமை. அப்பாரு செய்ததைத்தான் நாங்களும் செய்தோம்: தண்ணீரைப் பார்த்தோம், தேவையைப் பார்த்தோம், மரத்தை மாற்றினோம். சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். முற்றிய அடிமரம் மரச் சட்டத்துக்குப் போயிற்று. தூரை ஜேசிபி வைத்துப் பறித்தோம். இதில் சோம்பல் கூடாது; மக்குகிற தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, ஊரில் நல்ல மரங்களையும் தின்னும். வேலியோரப் பனைகளைத் தொடவில்லை. பனை மாநில மரம். வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் தொட்டிருக்க மாட்டோம். அது யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை.

என்ன வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. புது மனைகளில் ஒரே அளவாக வெட்டி நிறுத்திய கோனோகார்பஸ் பச்சைச் சுவர்போல் அழகாகத்தான் இருந்தது. வேர் குழாய்களுக்குள் போகிறது, மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்று குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதை நடத் தடை விதித்தன. நாங்கள் வேறு வழியில் போனோம். எந்தப் பக்கம் என்ன வேலை இருக்கிறது என்று முதலில் பார்த்தோம். மேற்குச் சுவர் மாலை வெயிலில் கொதிக்கிறது. அங்கே புங்கனும் பூவரசும். வாசலுக்கு வேம்பு. தேயிலைக் கொசு தாக்கி வேம்பெல்லாம் கருகியதே என்று வீட்டில் சிலர் தயங்கினார்கள். கருகியவற்றில் பெரும்பாலானவை அடுத்த தளிரில் மீண்டதை ஊரே பார்த்ததுதானே. சமையல்கட்டுத் தண்ணீர் போகிற இடத்தில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும். ஆள் நடமாட்டமில்லாத மூலையில், அத்தை கேட்டபடி ஒரு வெள்வேல். மூன்றடிக் குழி எடுத்து, வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டோம்.

பார்க்கப்போனால் புதிதாக வைத்தவற்றில் பல இந்த மண்ணில் பழையவை. ஆனால் பழையவை என்பதற்காக அவற்றை வைக்கவில்லை. வாய்க்கால் வந்த காலத்துக்குத் தென்னை சரி. ஆழ்துளைக் கிணறும் அனலும் மிஞ்சியிருக்கிற இந்தக் காலத்துக்குக் குறைந்த தண்ணீரில் நிழல் தருகிற மரம் சரி. நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கியபோது போன புளியமரங்களின் நிழலை நினைத்து இன்றும் மனம் வலிக்கிறது. வெட்டியதைவிட, அந்த நிழலுக்கு ஈடு வராததுதான் வலி.

அதனால் மரம் வைக்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எதை எதற்காக வைத்தோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அந்தக் காரணம் தீர்ந்துபோன நாளில் வெட்டுகிற உரிமையையும், வெட்டிய இடத்தில் அடுத்ததை வைக்கிற கடமையையும் சேர்த்துக் கொடுங்கள். அப்பாரு எங்களுக்கு விட்டுப்போன சொத்தில் தென்னையைவிடப் பெரியது அதுதான்.