புள்ளலூர் வாணம்

இன்னாடா பேராண்டி, கிரேக்கன் சண்டை போட்டதாலதான் விஞ்ஞானமே வளந்துச்சா? செல்போன்ல படம் பாத்துட்டு வந்து எனக்கே வகுப்பு எடுக்கிறியா? எடு, எடு. சைரக்கூசு ராசா டயனீசியஸ் கி.மு. 399-ல ஊர் ஊரா கைவேலைக்காரனைக் கூட்டியாந்து, கூலியை அள்ளிக் குடுத்து ஆயுதம் செய்யவச்சான். கவண்பொறி பொறந்துச்சு. சரிதான். அதுக்கு அம்மாந்தூரம் ஏன் போறே? நம்ம காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துலயே புள்ளலூர் கிடக்குதே, ஒருவாட்டி எட்டிப் பாத்தியா?

1780 செப்டம்பர் 10. ஐதர் அலியும் திப்புவும் ஒரு பக்கம். கும்பினிக் கர்னல் பெய்லி மறுபக்கம். மைசூர்க்காரன் விட்ட வாணம் திருவிழா வாணமாட்டம் காகிதக் குழாய் இல்ல, இரும்புக் குழாய். இரும்பு தாங்கும். மருந்தை இறுக்கிக் கெட்டிக்கலாம், தூரமாப் போவும். பெய்லியோட மருந்து வண்டிங்க வெடிச்சுது. வாணம் பட்டுத்தான்னு சொல்றாங்க. பட்டாளம் நாசம், பெய்லி கைதி.

கும்பினித் தளபதி மன்றோ துரை எங்கே? பக்சார்ல ஜெயிச்ச சூரராச்சே! பெரும்படையோட நம்ம காஞ்சியிலதான் குந்தியிருந்தாரு. சேதி வந்ததும் கனத்த பீரங்கிங்களைக் குளத்துல தள்ளிட்டு மெட்ராசுக்கு ஓட்டம் புடிச்சாரு. இந்த ஊர்க் குளத்துக்கு அப்படி ஒரு காணிக்கை எவனும் போட்டதில்ல.

ஜெயிச்ச திப்பு, ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவத்துல அந்தச் சண்டையைப் பெருசா படம் எழுதவச்சாரு. தோத்தவன் இன்னா செஞ்சான்? 1799-ல திப்பு சாஞ்சதும் மிச்ச வாணங்களை வாரிக்கினு போயி லண்டன் பக்கம் ஊல்விச் ஆயுதசாலையில வச்சான். போட்டிக் கடைக்காரன் நம்ம சேலையை ஒண்ணு வாங்கிட்டுப் போயி இழை எண்ணுவானே, அதே வேலை. காங்கிரீவுன்னு ஒருத்தரு அதைப் பாத்துத் தம் வாணத்தைச் செஞ்சாரு. 1807-ல அந்த வாணமும் விழுந்து கோபன்ஹேகன் பத்தி எரிஞ்சுது.

நீயும் சுவத்துல படம் எழுதுற கட்சிதானே? ‘உலகத்துக்கே ராக்கெட்டு குடுத்தது நாங்க’ன்னு காலையில ஃபார்வர்டு போட்டே. குடுத்தோமா, புடுங்கினானா? மருந்து வாணமே சீனாக்காரன் கண்டது, அவன் கேட்டா இன்னா சொல்வே? போவட்டும், அந்த இரும்புக் குழாயை அடிச்ச கொல்லன் ஒருத்தன் பேரைச் சொல்லு பாப்போம்.

1814-ல காங்கிரீவ் வாணம் பால்டிமோர் கோட்டை மேல பறந்துச்சு. அதைப் பாத்து ஒருத்தர் எழுதுன பாட்டுதான் இன்னிக்கு அமெரிக்காக்காரன் தேசிய கீதம். வாணம் அதுலயும் வருது. அவன் நெஞ்சுல கையை வச்சுக்கினு பாடுறான். நீ இப்பதான் புள்ளலூருக்கு எந்த பஸ்சுன்னு கேக்குறே!