எந்த வகுப்பு, அண்ணே?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு கல்யாணத் தரகர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோட்டுப் புத்தகத்து வரன்களை எல்லாம் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டார். இனி அதன் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிய வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம் கேட்பது சின்னக் கேள்விதான்: எந்த வகுப்பு?

பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேச நீஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். வரன் விவரங்களைத் தொகுத்து வைத்தால் 35. தரவுத்தளத்துக்குள் நுழைய வழி திறந்துவிட்டால் 38. செயலியாகக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம் என்றால் 9. இறக்காமல் இணையத்திலேயே மென்பொருள் ஓடினால் 42.

“தம்பி, நான் பாக்குறது கல்யாண வேலைலா!”

“அது 45, அண்ணே.”

அந்த 45ஆம் வகுப்பு ஒரு தனி உலகம். கல்யாணத் தரகு, ஜாதகக் கணிப்பு, துப்பறிதல், இறுதிச் சடங்கு எல்லாம் அங்கேதான். மாப்பிள்ளையைப் பற்றி ரகசியமாக விசாரிக்கவும் வகுப்பு மாற வேண்டியதில்லை. விண்ணப்பத்தை எழுதித் தரும் வழக்கறிஞரின் சேவையும் பக்கத்து இருக்கையில்.

1976ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. புதிய சட்டம் நடப்புக்கு வந்த 2019 டிசம்பர் 27 முதல் ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்புகளைக் கேட்கலாம். தாள் மிச்சம், கட்டணம் என்னவோ இன்னும் வகுப்புக்கு வகுப்புதான். 2019 விதிமுறையில், கழகம் முன்கூட்டியே ஏற்ற பட்டியலிலிருந்து வாசகத்தை எடுத்தால் 950 ரிங்கிட். சொந்த நடையில் எழுதினால் 1,100. சொந்த நடைக்கு 150 ரிங்கிட் தண்டம் என்பது பத்திரிகை ஆசிரியர்கள் காதில் விழாமல் இருக்கட்டும்.